குடம்புளியைக் குழம்பிலேயே விடுங்கள்

தக்கலையில் குடம்புளி இரண்டு வேஷத்தில் உலவுகிறது. ஒன்று, பலசரக்குக் கடையில் கறுத்துச் சுருண்டு கிடப்பது. உப்பும் தேங்காயெண்ணெயும் தடவி, அடுப்புப் புகையின் வாசம் மாறாமல், நூறு கிராம் இருநூறு கிராம் என்று தாளில் பொதிந்து தருவார்கள். இன்னொன்று, கொரியரில் வந்து இறங்கும் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே அறுபது கேப்சூல். மேலே 'கார்சினியா கம்போஜியா' என்று ஏதோ இத்தாலிய நடிகையின் பெயர் மாதிரி எழுதியிருக்கும். பக்கத்தில் ஒட்டிய வயிறு, அதைச் சுற்றி ஓர் அளவு நாடா.

முதலாவது மீன் கறிக்கு. இரண்டாவது, கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்ட பெண்ணுக்கு; ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாத பையனுக்கு; முழங்கால் வலி என்று போன இடத்தில் எடையைக் குறை என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அக்காவுக்கு. இரண்டும் ஒரே மரத்துச் சரக்கு என்பது வாங்குகிற பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பாடுதான் இன்னும் மோசம். "அட, இது நம்ம கொடம்புளிதானே! பாட்டி காலத்திலிருந்து தின்னுகிட்டு வாறோம், என்ன ஆயிரும்?" என்று துணிந்து விழுங்குவது அவர்கள்தான்.

இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் உலகம் முழுக்க ஒரு வியாபாரம் நடக்கிறது. வாக்கியம் தப்பு. எங்கே தப்பு என்று பார்க்க மரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

குடம்புளி மங்குஸ்தானின் சொந்தக்காரன். இரண்டும் கார்சினியா என்ற ஒரே பேரினம். கொங்கணத்துக் கோகம் இன்னொரு சகோதரன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளும் இலங்கையும் குடம்புளியின் சொந்த ஊர். சிங்களவர் கொறக்கா என்பார்கள், கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் உப்பகே. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் பல வீட்டு விளைகளில் பலாவுக்கும் அயனிக்கும் நடுவே அது நிற்கும். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதை போட்டு வளர்த்தால் காய்க்கப் பத்து வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அதற்கப்புறம்தான் வளர்த்தது ஆண் மரம் என்றே தெரியவரும்! பழம் குட்டிப் பூசணி மாதிரி வரி வரியாகப் பிளந்து, பழுத்தால் மஞ்சள். விதையை எடுத்துவிட்டுத் தோட்டைத்தான் காயப்போடுவார்கள். அது பழுப்பது மழைக்காலத்தில் என்பதால் வெயிலை நம்ப முடியாது. அடுப்புக்கு மேல் பரணில் போட்டுப் புகையில் உலர்த்துவார்கள். அந்தக் கறுப்பு நிறம் அப்படி வந்தது.

இந்த மரத்துக்கு டச்சுக்காரர்கள் அச்சில் படம் போட்டுக் கௌரவம் செய்தார்கள். கொச்சியில் டச்சு கவர்னராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களை வைத்துத் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் முதல் தொகுதி 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. அதில் குடம்புளி 'கொட்டம்புள்ளி' என்று கிட்டத்தட்டச் சரியான உச்சரிப்பிலேயே இருக்கிறது. (தக்கலைக்காரர்களுக்கு டச்சுக்காரன் என்றால் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அடங்கியிருக்கும் டிலனாய்தான் நினைவுக்கு வருவார். இவர் வேறு ஆள், ஒரு தலைமுறைக்கு மேல் மூத்தவர்.) பிறகு வந்த லின்னேயஸ், கம்போடியாப் பக்கத்திலிருந்து ஓவியர்களுக்கு வந்துகொண்டிருந்த மஞ்சள் பிசினும் இந்த மரத்துடையதுதான் என்று நினைத்து அந்தப் பெயரை இதன் தலையில் கட்டினார். பிசின் உண்மையில் வேறு கார்சினியா மரத்துடையது. கம்போஜியா என்ற பெயரைத் தாவரவியல் எப்போதோ ஓரம்கட்டிவிட்டது. கேப்சூல் டப்பா மட்டும் விடமாட்டேன் என்கிறது. 'குடம்புளிச் சாறு, 500 மில்லிகிராம்' என்று எழுதினால் தக்கலையில் ஒருவர் அந்த விலை கொடுப்பாரா?

இனி அந்தப் புளிப்பின் கதை. வாளன்புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம், எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம். குடம்புளியிலும் இவற்றில் ஒன்றுதான் இருக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஒய்.எஸ்.லூயிஸ், நீலகண்டன் என்ற இருவர் 1965இல் அதைத் திருத்தினார்கள். பிரதான அமிலம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்று காட்டினார்கள். எலுமிச்சை அமிலத்தின் மேல் ஒரு சின்ன ஒட்டு, அவ்வளவுதான். உலர்ந்த தோட்டின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு வரை அதுவாகவே இருக்கலாம்.

நான்கு வருஷம் கழித்து, 1969இல், அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் வாட்சன், ஃபாங், லோவன்ஸ்டைன் மூவரும் அந்த அமிலம் உடம்புக்குள் என்ன செய்யும் என்று பார்த்தார்கள். சாப்பிட்ட மாவுச்சத்து மிஞ்சும்போது கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றும். அந்த வேலைக்கு ஏ.டி.பி. சிட்ரேட் லையேஸ் என்ற ஒரு நொதி வேண்டும். நொதிக்கு உணவு சிட்ரேட். ஹைட்ராக்ஸி சிட்ரேட் சிட்ரேட்டைப் போலவே முகம் வைத்துக்கொண்டு போய் நொதியின் வாயை அடைத்துவிடுகிறது. அழகான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. 70களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் குறைவாகத் தின்றன, கொழுப்பும் குறைவாகவே வைத்தன.

இங்கேதான் வியாபாரி உள்ளே நுழைகிறான். 'கொழுப்பு உண்டாவதைத் தடுக்கிறது என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது.' விஞ்ஞானம் நிரூபித்தது எலியிடம். அதிலும், பட்டினி போட்டு, பிறகு வெறும் மாவும் சர்க்கரையுமாகக் கொட்டிய எலியிடம். மனிதன் வயிற்றில் சேரும் கொழுப்பில் பெரும்பகுதி அப்படி மாவிலிருந்து கல்லீரலில் புதிதாகச் செய்யப்படுவதல்ல. பொரித்த மீனிலும் ஏத்தங்காய் சிப்ஸிலும் தேங்காயெண்ணெயிலும் கொழுப்பாகவே உள்ளே போய்க் கொழுப்பாகவே குந்திக்கொள்வது. செய்யும் இடத்தைப் பூட்டி என்ன பயன், ரெடிமேடாக லாரியில் வந்து இறங்கும்போது?

மனிதர்களிடம் சோதிக்காமலும் இல்லை. ஹேம்ஸ்ஃபீல்டு குழுவின் ஆய்வு 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வந்தது. எடை கூடிய 135 பேர். 12 வாரம். எல்லோருக்கும் ஒரே பத்தியச் சாப்பாடு. ஒரு பாதிக்கு நாளுக்கு 1500 மில்லிகிராம் இந்த அமிலம், மறு பாதிக்கு ஒன்றுமில்லாத போலி மாத்திரை. யார் எதைத் தின்கிறார் என்று தின்றவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவில் குடம்புளிக் கோஷ்டி சராசரியாக 3.2 கிலோ குறைந்தது. போலி மாத்திரைக் கோஷ்டி 4.1 கிலோ குறைந்தது! போலி மாத்திரையே மேல் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த வித்தியாசம் கணக்கில் வராது. குறைத்தது பத்தியம், மாத்திரையல்ல என்பதுதான் அர்த்தம். 2011இல் ஒனக்போயா என்பவரும் குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். வித்தியாசம் 0.88 கிலோ. நேர்த்தியாக நடந்த ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தால் அதுவும் நிற்கவில்லை. முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்... தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை வரை தினமும் நடந்து திரும்புகிறவன் கேப்சூல் இல்லாமலேயே அதைவிட அதிகம் குறைத்துவிடுவான்.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். 2012இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மெஹ்மெட் ஓஸ் என்ற இதய அறுவை நிபுணர் கார்சினியாவைக் கொழுப்பைக் கரைக்கும் புரட்சி என்ற தோரணையில் தூக்கிப் பிடித்தார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. 2014 ஜூனில் அமெரிக்க செனட் குழு அவரைக் கூப்பிட்டு, செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் அவர் வசனங்களை அவருக்கே வாசித்துக் காட்டி வறுத்தெடுத்தார். (அதே ஓஸ் 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசின் முதியோர், ஏழையர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை நடத்தும் அமைப்புக்குத் தலைவரானார். ஊழ்வினை என்பது டிவிக்காரர்களைத் தொடுவதில்லை போலிருக்கிறது.)

எடை குறையாவிட்டால் போகட்டும், பணம்தானே நஷ்டம் என்று விட்டுவிடலாமா? அங்கேதான் கல்லீரல் வருகிறது.

2009 மே மாதம் ஹைட்ராக்ஸிகட் என்ற எடைக்குறைப்புச் சரக்கை நிறுத்தச் சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கல்லீரல் கெட்ட 23 புகார்கள், அதில் ஒரு சாவு. அந்தப் பெயரில் வந்த பல சரக்குகளில் கார்சினியாவும் ஒரு கூட்டு. கூட்டில் எது குற்றவாளி என்று அப்போது சண்டை நடந்தது, நியாயமான சண்டைதான். பிறகு அமெரிக்காவில் மருந்தால் கல்லீரல் கெட்டவர்களைப் பதிவு செய்யும் மருத்துவமனை வலையமைப்பு, 2004 முதல் 2018 வரை சேர்ந்த நோயாளிகளில் கார்சினியா சம்பந்தப்பட்ட 22 பேரைத் தனியே பிரித்துப் பார்த்தது. 16 பேர் பச்சைத் தேயிலைச் சாறும் கலந்ததைத் தின்றவர்கள், ஒருவர் அமுக்கராவோடு, 5 பேர் கார்சினியாவை மட்டும். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்புச் சக்தி மரபணு வகை இருந்தது. பொதுமக்களிடம் காண்பதைவிட இது மிக அதிகம். பிரான்சில் இதை மருந்தாகக் கலந்து கொடுப்பதை 2012லேயே தடை செய்தார்கள். துணை உணவாக விற்பது தொடர்ந்தது. 2025 மார்ச்சில் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு நிறுவனம், 38 பாதிப்புகளைப் பட்டியலிட்டு, இதைத் தின்னவே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

அந்த மரபணு விஷயம்தான் பாட்டி வாதத்தை உடைக்கிறது. அதைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேப்சூலுக்கு எதிராகப் பேசுகிறவர்களே இங்கே ஒரு சுலபமான பொய்யைச் சொல்லிவிடுகிறார்கள்: 'குழம்பில் ஒரு துளி, கேப்சூலில் ஒரு குடம்' என்று. கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஐந்து பேர் வீட்டில் அயிலைக் கறி வைக்க மூன்று நான்கு துண்டு, பத்து கிராம் என்று வைத்துக்கொண்டால் சட்டி முழுக்க இரண்டு மூன்று கிராம் அமிலம். ஆளுக்கு அரை கிராம். அதிலும் பாதி துண்டிலேயே தங்கி, தட்டோரத்தில் ஒதுங்கும். கேப்சூல்காரர் நாளுக்கு ஒன்றரை கிராம் தின்கிறார். மூன்று மடங்கு, ஆறு மடங்கு. பெரிய மலைக்கும் மடுவுக்குமான தூரம் ஒன்றுமில்லை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? பல இடத்தில். குழம்பு வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. கேப்சூல் தினம் மூன்று வேளை, வெறும் வயிற்றில், மாதக்கணக்கில். தோட்டில் இருப்பது பழத்தின் அமிலம். கேப்சூலில் இருப்பது கரைப்பானில் பிரித்து, கால்சியமோ பொட்டாசியமோ சேர்த்து உப்பாக்கி, பொடியாக்கியது. அதோடு வேறு என்ன கலந்திருக்கிறது என்பதற்கு டப்பாவின் வாக்குமூலம் ஒன்றே சாட்சி. கடைசியாக, இந்தக் கல்லீரல் பாதிப்பு விஷம் மாதிரி, தின்ற எல்லோரையும் அளவுக்குத் தகுந்தபடி அடிப்பதல்ல. ஆயிரக்கணக்கானவர்கள் தின்று ஒன்றும் ஆகாமல் இருப்பார்கள். எங்கோ ஒருவருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே எதிரி என்று நினைத்துத் தாக்கும். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆகவே 'நான் தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்ற சாட்சியங்களை எத்தனை ஆயிரம் அடுக்கினாலும் அவை சாட்சியமே அல்ல. பாட்டியின் சாட்சியமும் அப்படித்தான். பாட்டி சாறு தின்றவளல்ல. எழுபது வயதில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்திருந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருப்பார்கள், காரணம் எது என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பாட்டி மெலிந்திருந்ததும் குடம்புளியால் அல்ல. கிணற்றில் தண்ணீர் கோரி, உரலில் நெல் குத்தி, ஆடி மாதத்தில் அரை வயிற்றோடு கிடந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

அதே மூச்சில் இன்னொரு கூட்டத்தையும் கண்டிக்க வேண்டும். பிரான்சின் எச்சரிக்கையை அரைகுறையாகப் படித்துவிட்டு, 'இனி மீன் கறிக்குக் குடம்புளி போடாதீர்கள்' என்று செய்தி அனுப்புகிறவர்கள். அந்த எச்சரிக்கை துணை உணவுகளுக்கு. கேரளமும் இலங்கையும் மேற்குக் குமரியும் தலைமுறை தலைமுறையாகச் சட்டியில் போட்டு வருவதை அது தொடவில்லை. சாளைக் கறிக்குக் குடம்புளி இல்லையென்றால் அது கறியே அல்ல என்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். (வாளன்புளிதான் உத்தமம் என்று தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தார் இதற்கும் சண்டைக்கு வருவார்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த மாவட்டத்தில் புளிக்கும் எல்லைத் தகராறு உண்டு.)

இந்த மயக்கம் குமரிக்கு மட்டும் சொந்தமல்ல என்று காட்ட, குடம்புளியின் ஆப்பிரிக்கச் சகோதரனைப் பார்க்க வேண்டும். கார்சினியா கோலா. கசப்புக் கோலா என்பார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் மரம். இங்கே தோடு முக்கியம், அங்கே விதை. நைஜீரியாவில் விருந்தாளி வந்தால், இங்கே வெற்றிலைத் தட்டு நீட்டுவதுபோல், கோலா விதைகளை நீட்டுவார்கள். மென்றால் முதலில் கடும் கசப்பு. குச்சியை ஒடித்துப் பல் துலக்குவார்கள். யொருபா மொழியில் ஒரோக்போ.

80களில் மாரிஸ் இவு என்ற நைஜீரிய மருந்தியல் அறிஞர் அந்த விதையிலிருந்து கோலாவிரான் என்ற கூட்டுப்பொருளைப் பிரித்து ஆராய்ந்தார். எலிகளின் கல்லீரலுக்கு விஷம் கொடுத்துவிட்டு இதைக் கொடுத்தால் பாதிப்பு குறைந்தது. கேட்க எவ்வளவு விசித்திரம்! ஒரே பேரினத்தின் இரண்டு மரம். ஒன்றின் சாறு மனிதக் கல்லீரலைக் கெடுத்ததாக மருத்துவமனைப் பதிவு. இன்னொன்றின் சாறு எலிக் கல்லீரலைக் காத்ததாக ஆய்வுக்கூடப் பதிவு. 'கார்சினியா குடும்பமே நல்லது' என்றோ 'கெட்டது' என்றோ ஒரே வரியில் பேசுகிறவர்களை அந்த மரங்களே கேலி செய்கின்றன.

1999 ஆகஸ்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சர்வதேசத் தாவரவியல் மாநாடு நடந்தது. அங்கே இவு, கசப்புக் கோலாச் சாறு ஆய்வுக்கூடத்தில் எபோலா வைரஸைப் பெருகவிடாமல் தடுத்ததாக அறிவித்தார். ஆய்வுக்கூடத்தில் என்பதை அவர் மறைக்கவில்லை. கேட்டவர்கள்தான் மறந்துவிட்டார்கள். (இவு பின்னாளில், 2005 முதல் 2010 வரை, நைஜீரியத் தேர்தல் ஆணையத்தின் தலைவராக இருந்தார்.) 15 வருஷம் ஓடியது. 2014 ஜூலையில் எபோலா உண்மையாகவே விமானத்தில் ஏறி லாகோஸ் வந்து இறங்கியது. சந்தைகளில் கசப்புக் கோலாவுக்கு அடிதடி, விலையேற்றம். தின்றால் எபோலா வராது என்று வதந்தி. அந்த 15 வருஷத்தில் மனிதர்களிடம் சோதித்து அதை எபோலா மருந்து என்று யாரும் நிறுவியிருக்கவில்லை. நைஜீரிய சுகாதார அமைச்சரே அதற்கு ஆதாரம் இல்லை என்று மறுக்க வேண்டியிருந்தது.

நைஜீரியாவைக் காப்பாற்றியது எது? நோயாளியோடு பழகிய ஏறக்குறைய 900 பேரைத் தேடிப்பிடித்து, வீடு வீடாகப் போய், மூன்று வாரம் காய்ச்சல் பார்த்த ஊழியர்கள். 20 பேருக்கு நோய், 8 சாவு. அக்டோபர் 20 அன்று எபோலா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் வேறு நாடுகளில் பதினோராயிரத்துக்கு மேல் செத்தார்கள். தடுப்பூசி 2019இலும், எதிர்ப்புப் புரத மருந்துகள் 2020இலும் அனுமதி பெற்றன. எல்லாம் மனிதர்களிடம் சோதித்த பிறகு.

சோதனைக்குழாயில் வைரஸைத் தடுப்பது பெரிய சாதனையே அல்ல. சோப்புத் தண்ணீரும் தடுக்கும். உடம்புக்குள் எவ்வளவு போகிறது, கல்லீரலைத் தாண்டி எவ்வளவு ரத்தத்துக்கு வருகிறது, வேண்டிய இடத்துக்கு வேண்டிய அளவு சேர்கிறதா, சேரும்போது வேறு எதையாவது உடைக்கிறதா? மருந்து என்பது இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களின் பெயர். மரத்தின் பெயர் அல்ல.

குடம்புளிக்கே அந்தப் பதில் ஒரு விதத்தில் கிடைத்துவிட்டது. ஹைட்ராக்ஸி சிட்ரேட் வாயடைத்த அதே நொதியை அடைக்கும் பெம்படோயிக் அமிலம் என்ற மருந்துக்கு 2020 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆய்வுக்கூடத்தில் செய்த மூலக்கூறு, எந்தப் பழத்திலும் இல்லை. 13,970 பேரிடம் வருடக்கணக்கில் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டாட்டின் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாரடைப்பு போன்ற பெரிய கண்டங்கள் 13 சதவீதம் குறைந்தன. அது கொலஸ்டிராலுக்கான மருந்து, தொப்பைக்கு அல்ல. அந்த நொதியை ஒழுங்காக அடைத்தாலும் கிடைப்பது கொஞ்சம் சுத்தமான ரத்தம்தான். ஒட்டிய வயிறு அதன் எல்லைக்கே வரவில்லை. மைசூரில் 1965இல் தொடங்கிய நூலை இந்தியா பிடித்துக்கொண்டே போயிருந்தால்... போகவில்லை. தோட்டை மூட்டை கட்டி அனுப்பவும், சாறு பிழிந்து பீப்பாயில் ஏற்றவுமே நேரம் சரியாக இருந்தது.

'மேல்நாட்டு மருந்துக் கம்பெனிகள் நம் மூலிகைகளை ஒழிக்கச் செய்யும் சதி' என்று ஒரு பதில் வரும். வரட்டும். குடம்புளியை எடைக்குறைப்பு மருந்தாக்கி உலகத்துக்கு விற்றதே மேல்நாட்டுச் சந்தைதான். இந்தப் பக்கத்து வைத்தியத்தில் அது வயிற்றுக் கோளாறுக்கும் வாத வலிக்கும் கஷாயம், மாட்டுக்கு வாய்ப்புண் வந்தால் கழுவும் தண்ணீர். மெலிவதற்குத் தின்னச் சொன்ன பாட்டி யாரும் இல்லை. அமெரிக்காவிலும் பிரான்சிலும் பாதிப்பு எண்ணிக்கை இருக்கிறதென்றால் அங்கே எண்ணுகிறார்கள் என்று அர்த்தம். இங்கே கண் மஞ்சளாகி வருகிறவரிடம் 'என்ன கேப்சூல் தின்றீர்?' என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வதில்லை. அதை மருந்து என்றே அவர்கள் நினைக்கவில்லை, எப்படிச் சொல்வார்கள்?

சட்டத்துக்கும் அதே குழப்பம். உடற்பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என 1954ஆம் ஆண்டு மருந்து, மந்திரத் தீர்வு விளம்பரச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய் வரிசையில் உடற்பருமனும் ஒன்று. ஆனால் கேப்சூல் மருந்து அல்லவே, 'உணவு'! உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று டப்பாவில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும், மருந்துக்குக் கேட்கும் மனிதச் சோதனைகளை யாரும் கேட்பதில்லை. ஒரு பக்கம் மருத்துவத்துக்கு அல்ல என்று எழுத்து, மறுபக்கம் அளவு நாடா சுற்றிய வயிறு. கல்லீரலைத் தொடும் ஒரு சாற்றை உணவு என்று கூப்பிட அனுமதிப்பதுதான் ஓட்டை. அதை அடைப்பது ஆணையத்தின் கையில் இருக்கிறது. குறைந்தபட்சம், கல்லீரல் எச்சரிக்கையையாவது தமிழில், மலையாளத்தில், படிக்கிற அளவு எழுத்தில் போடச் சொல்லலாம்.

கேப்சூலை நிறுத்தினால் மரம் வைத்திருப்பவன் வயிற்றில் அடிக்கிறது என்று சொல்வார்கள். உத்தர கன்னடத்துக் கதை அதற்குப் பதில். 90களில் ஏற்றுமதிக்காரர்கள் உப்பகேயைத் தேடி வந்தபோது விலை ஏறியது. பொதுக்காட்டு மரம், யார் முதலில் பறிக்கிறாரோ அவருக்கு. ஆகவே பழுக்கும் முன்பே பறித்தார்கள், கிளையோடு வெட்டினார்கள். மழையில் உலர்த்த விறகு வண்டி வண்டியாகப் போனது. பிறகு விலை இறங்கியது. வெட்டிய கிளை திரும்ப வரவில்லை. ஒரு நாட்டுத் தொலைக்காட்சியின் மோகத்தை நம்பி மரம் வைத்திருப்பவனுக்கு அதுதான் கதி. மீன் தின்கிறவனின் நாக்கு அப்படி மாறுவதில்லை. குலசேகரத்திலும் அருமனையிலும் மழைக்காலத்தில் புகை போடாமல் தோட்டை உலர்த்த ஒரு சின்ன உலர்த்தும் பெட்டி, ஆண் மரமா பெண் மரமா என்று பத்து வருஷம் காத்திருக்க வேண்டாதபடி நல்ல ஒட்டுக்கன்று. பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாவட்டத்தில் இது கேட்கக்கூடாத வரமல்ல.

இதற்குள் கேப்சூலைத் தின்றுகொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. பாதிப்பு தின்ற மறுநாள் தெரியாது, வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் வரும். பசியின்மை, ஓங்கரிப்பு, காரணமில்லாத அசதி, சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போவது, கண் வெள்ளை மஞ்சளாவது. இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கீழாநெல்லி பிறகு பார்த்துக்கொள்ளலாம். போகும்போது டப்பாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.